தாங்குவது ஒன்று, தணிப்பது ஒன்று

“சார், முன்பக்கம் ஷாக் அப்சார்பர் ஆயில் விட்டிருச்சு” என்று மெக்கானிக் சொன்னதும் கார்க்காரர் நாலடி பின்னால் போய் நின்று, வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். சாய்ந்திருக்காது. உள்ளே இருந்த எண்ணெய் முழுதும் ஒழுகிப்போனாலும் வண்டி ஏறக்குறைய அதே உயரத்தில்தான் நிற்கும். அப்படியானால் இத்தனை நாளாக அந்தக் குழாய் எதைத் தாங்கிக்கொண்டிருந்தது? எதையும் தாங்கவில்லை. காரைத் தாங்குவது பக்கத்திலோ, சுற்றியோ இருக்கும் சுருள்வில். எடையில் துளியும் பங்கெடுக்காத ஓர் உறுப்பை இவ்வளவு கனமான போல்ட் போட்டு எதற்காகப் பூட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

சாதாரணக் காரில் இதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது கஷ்டம். எல்லாம் மட்கார்டுக்குள் ஒளிந்திருக்கும். வெட்டவெளியில் பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்தின் லோட்டஸ் செவன் போன்ற கார்தான் வேண்டும். காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்த இந்தக் குட்டி ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கரங்கள் உடலை விட்டு வெளியே நிற்கும். இரும்புக் குழாய்ச் சட்டத்திலிருந்து சக்கரத்துக்குப் போகும் கைகள், நடுவே சாய்ந்து நிற்கும் சுருள்வில், எல்லாமே சாலையில் போகிறவர் கண்ணிலும் படும். இன்னொரு சிறப்பு, இதை வாங்கியவர்களில் பலர் தாங்களே பூட்டி முடித்தார்கள். அன்றைய பிரிட்டனில் முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி. பாகங்களாகப் பெட்டியில் வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வரி இல்லை. பூட்டும் முறையைச் சொல்லும் கையேடு தரக்கூடாது என்பது நிபந்தனை. அதனால் காரைப் பிரிக்கும் முறையை அச்சடித்துக் கொடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை அங்கே நெடுநாளாக வழங்குகிறது. 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததோடு அந்த லாபம் போயிற்று. அதே ஆண்டு செவனைச் செய்யும் உரிமை கேட்டர்ஹம் நிறுவனத்துக்குக் கைமாறியது. வரி லாபம் போனாலும் ஆசை போகவில்லை. இன்றும் அந்தக் கார் பெட்டிகளில் வீடு வந்து சேர்கிறது. 1996-இல் ரான் சாம்பியன் என்பவர், சட்டத்தையே சொந்தமாக வெல்டிங் செய்து, பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் பாகங்களைப் பொருத்தி, 250 பவுண்டில் இப்படியொரு காரைச் செய்துகொள்ளலாம் என்று புத்தகமே எழுதினார்.

இப்படி வீட்டிலேயே கார் பூட்டுபவர்களின் கொட்டகைகளில், முன்பக்க ஷாக் அப்சார்பர்களை, அதாவது தணிப்பான்களைப் பூட்டும்போது கடைப்பிடிக்கும் விதிகள் சில உண்டு. முதலில் பார்த்தால் அவை பெரியவர்கள் சொல்லிவைத்த சாங்கியம் போலத் தோன்றும். இந்த முனைதான் மேலே வர வேண்டும். பூட்டுமுன் பலமுறை அமுக்கி இழுக்க வேண்டும். எல்லாவற்றிலும் விநோதமானது, சக்கரத்தைத் தாங்கும் கைகளின் போல்ட்டைப் போட்டுவிடலாம், ஆனால் முறுக்கக் கூடாது. காரைத் தரையில் இறக்கி, ஓட்டுநர் இருக்கையில் அவர் எடையை வைத்த பிறகுதான் முறுக்க வேண்டும். தணிப்பான் என்ன செய்கிறது என்று புரிந்துவிட்டால் இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாக விளங்கும்.

முதலில் சுருள்வில். வீட்டு உத்தரத்தில் ஸ்பிரிங் மாட்டிக் கட்டிய குழந்தைத் தூளியை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைக் கிடத்தியதும் தூளி கொஞ்சம் இறங்கி நிற்கும். லேசாக இழுத்துவிட்டால் மேலும் கீழும் ஆடும். எவ்வளவு வேகமாக ஆடும் என்று சொல்லக் குழந்தையின் எடையும் தெரிய வேண்டாம், ஸ்பிரிங்கின் கனமும் தெரிய வேண்டாம். கிடத்தியபோது தூளி எவ்வளவு இறங்கியது என்பது மட்டும் தெரிந்தால் போதும். ஒரு சாண் இறங்கியிருந்தால் ஏறக்குறைய விநாடிக்கு ஒரு தடவை ஆடும். கால் சாண்தான் இறங்கியது என்றால் விநாடிக்கு இரண்டு தடவை. இறக்கம் நாலில் ஒன்றானால் ஆட்டம் இரண்டு மடங்கு. காருக்கும் இதே கணக்குதான். சொகுசுக் கார் விநாடிக்கு ஒன்று, ஒன்றேகால் தடவை ஆடும்படி மெத்தென்ற சுருள்வில்லில் நிற்கும். ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றரை, இரண்டு என்று விறைப்பாக நிற்கும்.

இந்த ஆட்ட எண்ணை மனித உடம்பு எப்படி உணர்கிறது என்று முறையாகச் சோதித்தவர்களில் முக்கியமானவர் மாரிஸ் ஆலி. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930-இல் அமெரிக்காவின் கேடிலாக்குக்குப் போன பொறியாளர். எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தவும், சுருள்வில்களின் விறைப்பை மாற்றவும் வசதியுள்ள ஒரு சோதனைக் காரைக் கட்டி, ஆட்களை உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தார். முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சற்று மெதுவாக ஆடினால்தான் பயணம் இதமாக இருக்கிறது என்று தெரிந்தது. காரணம் எளிது. மேட்டை முதலில் சந்திப்பது முன்சக்கரம். பின்சக்கரம் தாமதமாகத்தான் வருகிறது. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். கார் முன்னும் பின்னுமாகக் குத்தாமல், சமமாக எழுந்து அமரும். காகிதத்தில் கணக்குப் போட்டு மட்டும் வந்த முடிவல்ல இது. இருக்கையில் உட்கார்ந்தவர்கள் சொல்லி உறுதியானது.

ஆனால் சுருள்வில்லுக்கு ஒரு குறை உண்டு. வாங்கியதை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும். தூளியை ஒரு தடவை இழுத்துவிட்டால் நெடுநேரம் ஆடிக்கொண்டே இருக்கும். பாட்டி கையை வைத்தால்தான் நிற்கும். அந்தக் கை என்ன செய்கிறது என்று கவனித்தால் தணிப்பான் புரிந்துவிடும். தூளி மேலே போகும்போது கீழ்நோக்கித் தடுக்கிறது, கீழே வரும்போது மேல்நோக்கித் தடுக்கிறது. தூளி நின்றுவிட்டால் கை எதுவும் செய்வதில்லை. குழந்தையின் எடையில் ஒரு கிராம்கூட அதன்மேல் இல்லை. சுருள்வில் கவனிப்பது எவ்வளவு தூரம் நகர்ந்தாய் என்பதை. தணிப்பான் கவனிப்பது எவ்வளவு வேகமாக நகர்கிறாய் என்பதை. நிற்கும் காரில் வேகம் இல்லை. எண்ணெய் ஒழுகிய கார் சாயாமல் நிற்பது அதனால்தான்.

வேகத்தை உணரும் தடை வேண்டும் என்பது எல்லாருக்கும் முதலிலேயே தெரிந்திருக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய தணிப்பான்கள், ட்ரூஃபோ–ஹார்ட்ஃபோர்டு வகை, வெறும் உராய்வால் வேலை செய்தவை. தகடுகளை ஒன்றோடொன்று அழுத்தி வைத்து, கை அசையும்போது அவை தேய்ந்து தடுக்கும். உராய்வுக்கு வேகம் பற்றிக் கவலை கிடையாது. மெதுவாக அசைந்தாலும் வேகமாக அசைந்தாலும் ஏறக்குறைய ஒரே தடை. அசையத் தொடங்குமுன் தடை இன்னும் அதிகம். விளைவு தலைகீழாக முடிந்தது. சிறு சிறு மேடுகளில் தகடுகள் அசையவே மறுக்கும், சுருள்வில் இருந்தும் இல்லாதது போல, கார் டயரின் காற்றில் மட்டும் குதித்துப் போகும். பெரிய பள்ளத்தில் விழுந்து உடல் வேகமாக ஆடும்போதோ தடை போதாது. வேண்டாத இடத்தில் முரடு, வேண்டிய இடத்தில் மெத்தனம்.

எண்ணெய் இதைச் சரிசெய்தது. உருளைக்குள் எண்ணெய், அதற்குள் துளையிட்ட பிஸ்டன். பிஸ்டன் நகர வேண்டுமானால் எண்ணெய் துளை வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். மெதுவாக நகர்த்தினால் நழுவிப் போகும். வேகமாகத் தள்ளினால் எதிர்க்கும். கையில் ஒரு தணிப்பானை எடுத்து இழுத்துப் பார்த்தாலே இந்த வித்தியாசம் தெரியும். ஆனால் வெறும் துளைக்கும் ஒரு சங்கடம் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் தடை நாலு மடங்காகிவிடும். கூரான ஒரு மேட்டில் சக்கரம் சட்டென்று எகிறும்போது எண்ணெய்க்கு வழி கிடைக்காமல், தணிப்பான் திட இரும்புக் கம்பியாக மாறிவிடும். அதனால்தான் துளைகளின் வாயில் மெல்லிய எஃகு வில்லைகளை அடுக்கி மூடுகிறார்கள். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் வில்லைகள் வளைந்து வழி விடும். எத்தனை வில்லை, என்ன கனம், எந்த வரிசை என்பதில்தான் ஒரு தணிப்பானின் குணம் முழுதும் அடங்கியிருக்கிறது. விலை வித்தியாசமும் பெரும்பாலும் அங்கேதான்.

மேலே போகும்போது ஒரு தடை, கீழே வரும்போது ஒரு தடை என்று இரண்டையும் தனித்தனியே வைக்கவும் இந்த வில்லைகள் உதவுகின்றன. பல கார்களில் தணிப்பான் விரியும்போது தரும் தடை, அமுங்கும்போது தருவதைப் போல இரண்டு மடங்கு, சிலவற்றில் இன்னும் அதிகம். ஏன் இந்தப் பாரபட்சம்? கல்லின்மேல் சக்கரம் ஏறும்போது தணிப்பான் கடுமையாகத் தடுத்தால் அந்த அடி நேரே உடலுக்குப் போய்ச் சேரும். அப்போது சக்கரத்தை ஏற விடுவதே புத்திசாலித்தனம். ஏறி முடித்ததும் சுருள்வில்லில் சேர்ந்திருக்கும் ஆற்றல் உடலைத் தூக்கி எறியப் பார்க்கும். பிடித்து நிறுத்த வேண்டியது அப்போதுதான். பிடிபட்ட ஆற்றல் எண்ணெயில் சூடாக மாறுகிறது. கரடுமுரடான சாலையில் ஓட்டிவிட்டு வந்து தொட்டால் தணிப்பான் வெதுவெதுப்பாக இருக்கும். இறுக்கம் கூடினால் இன்னும் நல்லது என்று நினைப்பதும் தவறு. விரியும்போது தரும் தடை மிதமிஞ்சிப் போனால், அடுத்த மேடு வருவதற்குள் சக்கரம் முழுதாக இறங்கியிருக்காது. தொடர்ந்து மேடுகள் வந்தால் கார் படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போகும். எடையைத் தாங்காத உறுப்பு, ஓடும் காரின் உயரத்தைத் திருடுவது இப்படி.

செவன் போன்ற காரில் இந்த வேலை இன்னும் நுணுக்கமானது. முழுக் காரும் ஐந்நூறு கிலோவை ஒட்டித்தான். ஆனால் சக்கரம், டயர், பிரேக் எல்லாம் அந்த விகிதத்தில் இளைத்துவிடுவதில்லை. கனத்த காரில் சக்கரம் துள்ளினால் உடல் பொருட்படுத்தாது. இளைத்த காரில் சக்கரத்தின் ஒவ்வொரு துள்ளலும் ஓட்டுநரின் முதுகுக்குத் தெரிந்துவிடும். சக்கரத்தின் சொந்தத் துள்ளலோ விநாடிக்குப் பத்து, பதினைந்து தடவை. உடலின் மெதுவான ஆட்டம், சக்கரத்தின் துடிப்பு, இரண்டையும் ஒரே உருளை சமாளிக்க வேண்டும்.

இனி பெட்டியைப் பிரிக்கலாம். எந்த முனை மேலே? பெரும்பாலான தணிப்பான்கள் இரட்டைக் குழாய் வகை. உள்ளே பிஸ்டன் ஓடும் குழாய், அதைச் சுற்றி இன்னொரு குழாய். வெளிக்குழாயில் பாதி எண்ணெய், அதற்கு மேல் காற்றோ வாயுவோ. தண்டு உள்ளே நுழையும்போது அந்த அளவு எண்ணெய் எங்காவது ஒதுங்கியாக வேண்டுமல்லவா, அதற்கான இடம் அது. இரண்டு குழாய்களையும் இணைக்கும் வால்வு அடியில் இருக்கிறது. தலைகீழாக மாட்டினால் அந்த வால்வு எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சும். காற்று அமுங்கும், தடுக்காது. படுக்கவைத்த பெட்டியில் வந்த தணிப்பானுக்குள்ளும் காற்று தப்பிப்போய் உட்குழாயில் நுழைந்திருக்கலாம். நிமிர்த்திப் பிடித்துப் பலமுறை அமுக்கி இழுப்பது அதை வெளியேற்றத்தான். முதல் சில இழுப்புகளில் நடுவே ஒரு ‘தொளதொள’ இடம் தட்டுப்படும், பிறகு மறைந்துவிடும். காற்று இருந்ததற்கும் போனதற்கும் அதுவே சாட்சி.

பிரான்ஸின் கிறிஸ்டியான் பூர்சியே த கார்போன் உருவாக்கிய ஒற்றைக் குழாய் வகைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதில் நைட்ரஜன் ஒரு தனி அறையில், மிதக்கும் பிஸ்டனுக்குப் பின்னால், கடும் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. எண்ணெயோடு கலக்க வழியில்லை. அதனால் கனமான உருளை மேலே இருக்கும்படித் தலைகீழாகவும் மாட்டலாம். சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் எடை அந்த அளவுக்குக் குறையும்.

பூட்டும்போது மேல்முனை சட்டத்தின் தாங்கியில், கீழ்முனை கீழ்க்கையில். முனையில் போல்ட் நுழையும் கண்ணின் இரு பக்கமும் வளையங்களை வைத்து, நடுவில் நிறுத்தி, போல்ட்டை நுழைக்க இரண்டு கைகள் போதாது. இந்த இடத்தில் வீட்டில் யாரையாவது கூப்பிடாதவர் குறைவு. கீழ்முனை சக்கரத்துக்கு மிக அருகில் இல்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி, சாய்வாக நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சக்கரம் 10 செ.மீ. ஏறினால் சுருள்வில் 6 செ.மீ.தான் அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சக்கரம் உணரும் விறைப்பு பத்தில் ஆறு பங்கு அல்ல, அதிலும் பத்தில் ஆறு, அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். சுருள்வில் குறைவாக அமுங்குவதால் விசை ஒரு முறை குறைகிறது. கையின் நெம்பலால் அந்த விசை சக்கரத்துக்கு வந்து சேரும்போது இன்னொரு முறை குறைகிறது. தணிப்பானின் தடைக்கும் இதே கதிதான். ஒரு காரில் பிரமாதமாக இருந்த சுருள்வில்லும் தணிப்பானும் இன்னொன்றில் சொதப்பக் காரணம் பெரும்பாலும் இந்தச் சாய்வும் இடமும்தான். இதை அளக்க ஆய்வகம் வேண்டாம். சுருள்வில்லைக் கழற்றிவிட்டுத் தணிப்பானை மட்டும் பூட்டி, சக்கரத்தை ஜாக்கியால் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக உயர்த்தி, ஒவ்வொரு தடவையும் இரண்டு போல்ட்டுகளுக்கும் இடையே டேப் வைத்து அளந்தால் விகிதம் கிடைத்துவிடும்.

சுருள்வில் அமர்ந்திருக்கும் தட்டு மரையில் ஓடுகிறது. திருகி ஏற்றலாம், இறக்கலாம். ஏற்றினால் சுருள்வில் விறைப்பாகும் என்று அனுபவசாலிகள்கூடச் சொல்வதுண்டு. ஆகாது. தூளியின் கொக்கியை இரண்டு கண்ணி மேலே மாட்டினால் தூளி உயரும், ஸ்பிரிங் அப்படியேதான் இருக்கும். குழந்தையைக் கிடத்தினால் முன்பு இறங்கிய அதே அளவுதான் இறங்கும். தட்டைத் திருகும்போதும் மாறுவது காரின் உயரம். ஆனால் நாலு சக்கரக் கார் என்பதால் கூடவே இன்னொன்றும் மாறும். ஒரு மூலையை உயர்த்தினால் அந்த மூலையிலும், குறுக்கே எதிர்மூலையிலும் சுமை கூடும்; மற்ற இரண்டிலும் குறையும். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு தராசு வைத்துச் சரிசெய்பவர்கள் துரத்துவது இந்தச் சுமையைத்தான். அப்போது இருக்கையில் ஆள் இருந்தாக வேண்டும். ஐந்நூற்றுச் சொச்சம் கிலோ காரில் 75 கிலோ ஆள் ஏழில் ஒரு பங்கு. அவர் இல்லாமல் எடுத்த அளவு ஓடாத காரின் அளவு.

தணிப்பான் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க முன்மூலையில் கையை ஊன்றி அமுக்கி விடுவது வழக்கம். ஒரு தடவை எழுந்து நின்றால் நல்லது, மீண்டும் மீண்டும் ஆடினால் போயிற்று என்பார்கள். முற்றிலும் செத்ததை இது காட்டிக்கொடுக்கும். அதற்கு மேல் இதை நம்ப முடியாது. கையால் அமுக்கும் வேகம் குறைவு. பள்ளத்தில் சக்கரம் நகரும் வேகம் அதைப்போல் பல மடங்கு. வில்லைகள் நன்றாக வளையும் வேகத்தைக் கை எட்டுவது அரிது. அதனால் தொழிற்சாலையில் தணிப்பானை ஓர் இயந்திரத்தில் பூட்டி, வெவ்வேறு வேகங்களில் அமுக்கி இழுத்து, எந்த வேகத்துக்கு எவ்வளவு தடை என்று வரைபடம் எடுக்கிறார்கள். ஐரோப்பாவின் சோதனை நிலையங்களில் காரைப் பிரிக்காமலே பார்க்க இன்னொரு வழி உண்டு. சக்கரம் நிற்கும் மேடையை விநாடிக்கு 25 தடவை அதிரவைத்து, அதிர்வு மெல்ல அடங்கும்வரை, டயர் மேடையை அழுத்தும் விசை எவ்வளவு தூரம் குறைகிறது என்று அளப்பார்கள். சக்கரத்தின் சொந்தத் துள்ளலைக் கடக்கும் நேரத்தில் அழுத்தம் சுழியை நெருங்கினால், சாலையிலும் அந்த டயர் தரையை விட்டுப் போகும் என்று பொருள். தணிப்பானின் இறுதிக் கடமை சொகுசல்ல, டயரைத் தரையில் வைத்திருப்பது என்பதை இந்தச் சோதனை ஒத்துக்கொள்கிறது.

இனி முறுக்காமல் விட்ட போல்ட்டுகள். சக்கரத்தைத் தாங்கும் கைகள் சட்டத்தோடு சேரும் இடங்களில் ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. வெளியே ஓர் எஃகுக் குழாய், உள்ளே இன்னொன்று, நடுவில் இரண்டோடும் ஒட்டவைத்த ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் சட்டத்தோடு இறுகிவிடும், சுழலாது. வெளிக்குழாய் கையோடு இறுகியது. அப்படியானால் கை எப்படி அசைகிறது? ரப்பர் முறுக்கிக்கொண்டு இடம் கொடுப்பதால். ஆக, முறுக்கும் நொடியில் கை எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதுவே ரப்பருக்கு ஓய்வு நிலை.

கார் ஸ்டாண்டில் இருக்கும்போது சக்கரங்கள் தொங்கும். அந்த நிலையில் முறுக்கிவிட்டுக் காரை இறக்கினால், கைகள் மேலே எழும். எல்லாப் புஷ்களும் முறுக்குண்ட நிலையிலேயே நாளெல்லாம் நிற்கும். முறுக்குண்ட ரப்பரும் ஒரு ஸ்பிரிங்தான். அது காரைத் தூக்கிப் பிடிக்கும். உயரம் தப்பாகத் தெரியும், தட்டைத் திருகித் தப்பான இடத்தில் வைப்பீர்கள். சில மாதத்தில் ரப்பர் விரிசல் விட்டதும் அந்த உதவி போய், கார் அமர்ந்துவிடும். பாலியூரித்தேன் புஷ்ஷும் கோள மூட்டும் தண்டின்மேல் சுழலக்கூடியவை, அவற்றுக்கு இந்த விதி இல்லை. ஒட்டிய ரப்பருக்கு உண்டு.

எனவே காரைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, டயர்கள் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கும் இறுக்கம் விடுபட்ட பிறகு, இருக்கையில் எடையை வைத்து, டார்க் ரெஞ்சால் முறுக்குகிறார்கள். நட்டின் மேலும் தாங்கியின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு பெயிண்ட் கோடு. நட் நகர்ந்தால் கோடு உடைந்து காட்டும். சில நூறு மைல் ஓடியதும் புதிய சுருள்வில்கள் கொஞ்சம் அமர்ந்திருக்கும். உயரத்தை அளந்து, தட்டை மறுபடி திருக வேண்டியிருக்கலாம். நாலைந்து மில்லிமீட்டர் என்றால் விட்டுவிடலாம். அதற்கு மேல் மாற்றினால் கைகளின் போல்ட்டுகளையும் தளர்த்தி, புதிய உயரத்தில் மறுபடி முறுக்க வேண்டும். முதலில் முறுக்கியது பழைய உயரத்துக்கு.